பதினேழாம் பெயருக்கு மூன்று விநாடி

எங்கள் ஊர் ரீட்போர்ட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டும் நோகுசோலாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியைத் தெரியும், முண்டாசைத் தெரியும், பாலத்தருகே வேகம் குறைக்காமல் திரும்புவதைத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது அறுபத்து மூன்று வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கறுப்பர்கள் குடியிருப்பில் பிறந்த பெண். அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுத்தவர். பத்தொன்பது வயதில் நோகுசோலா ஆட்டு லாரி ஓட்டப் போனார். சம்பள நாளன்று ஆண் டிரைவர்கள் எல்லாம் குடித்துவிட்டுக் குப்புறக் கிடப்பார்கள், அதனால் கிடைத்த வேலை. முதல் நடையில் நூற்று இருபது ஆடும் உயிரோடு போய்ச் சேர்ந்ததும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முப்பத்தொரு வயதில் ஆம்புலன்ஸ். காரூ என்ற எங்கள் வறண்ட சமவெளியின் மண் ரோட்டில் ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர், மடியில் ஒரு பை உப்புக்கண்டம். பண்ணைப் பக்கம் சைரன் போட மாட்டார், ஆடுகள் மிரண்டு போய் முள்வேலியில் விழும். ஒருமுறை ஒரு பண்ணைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "உங்க முன்னாடி நிக்கிறது யாருன்னு நெனச்சீங்க? சர்ச் காணிக்கை வாங்க வந்தவளா? காலைத் தூக்குங்க, ஸ்ட்ரெச்சர்ல படுங்க" என்றாராம் இவர். அந்தப் பண்ணைக்காரரே எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர் மூன்று வருடம் முன்பு திடீரென்று ரேடியோ படிக்கக் கிளம்பினார். ஹாம் ரேடியோ. கிழவர்களும் எலக்ட்ரீஷியன்களும் பொழுதுபோக்குக்குச் செய்கிற காரியம். பரீட்சைக்கு நகரத்துக்குப் போய்த் தோற்றார், மறுபடி போய் ஜெயித்தார். யாரோ விற்ற பழைய பெட்டி ஒன்றை வாங்கினார். கூரையிலிருந்து முற்றத்து மரம் வரை இருபது மீட்டர் செம்புக் கம்பி கட்டினார். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி அதில் நான்கு பெட்ஷீட்டும் ஒரு கம்பளியும் காயப் போட்டிருக்கிறாள்.

"அது துணிக் கொடி இல்ல, ஏரியல்."

"ஏரியலா? டீவிதான் வீட்டுல இல்லியே உனக்கு."

"டீவிக்கு இல்ல. பேசறதுக்கு."

"யார்கிட்ட?"

நோகுசோலா பெட்ஷீட்டை உருவி அவள் தோளில் போட்டாராம். புருஷனை இழந்து ஆறு வருடம் ஆனவள், யாரிடமோ பேசப் போகிறாள் என்று தெரு முழுக்க ஒரு வாரம் அதே பேச்சு. நானோ தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போவது அபூர்வம். போயிருந்தால் கம்பியைப் பார்த்த உடனே புரிந்திருக்கும். போகாதது என் வெட்கம், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி என் பங்கு. என் பெயர் நீல்ஸ். பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளைப் பழுது பார்ப்பது தொழில். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் வட்டார வலையை நடத்துகிறவன் நான். வலை என்றால் வேறொன்றுமில்லை. ஒரே அலைவரிசையில் முப்பத்தொரு பேர் கூடுவோம். அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி கொடுத்திருக்கிறது. நான் பட்டியல்படி கூப்பிடுவேன், அவரவர் முறை வரும்போது அவரவர் பேச வேண்டும். முறை வராமல் யாரும் வாய் திறக்கக் கூடாது, உயிர் போகிற அவசரம் தவிர. நான் "காத்திருக்கவும்" என்றால் காத்திருக்க வேண்டும். இந்த ஒழுங்கு இல்லையென்றால் வலை சந்தைக்கடை ஆகிவிடும்.

இந்த ஒழுங்கை எங்களுக்குப் பழக்கியவர் சாரெல் மாமா. ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளித் தனிப் பண்ணையில் ஒற்றை ஆளாக இருந்தவர். பட்டியலில் பதினேழாவது பெயர். அவர் குறியின் கடைசி மூன்று எழுத்தான ஓ, டபிள்யூ, ஒய் என்பதை எங்கள் பாணியில் ஆஸ்கர், விஸ்கி, யாங்கி என்று சொல்லுவோம். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத சர்ச் மூப்பர், பெயரில் விஸ்கியைச் சுமந்துகொண்டு அலைந்தார். அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஞாயிறு கிடையாது. மலை மறைப்பதால் அவர் குரல் எப்போதும் இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லியதாகத்தான் வரும்.

எங்கள் வலையில் இன்னொரு வழக்கம் இருந்தது. பெயர் சொன்னதும் அந்த வாரத்து மழையைச் சொல்ல வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் என்று. காரூவில் மழை ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போய்விடும். அதனால் அடுத்தவன் பண்ணைக் கணக்கை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். பஞ்சம் வந்தது. ஏழு மாதம் முப்பத்தொரு பேரும் வரிசையாகப் பூஜ்யம், பூஜ்யம் என்றார்கள். ஒரு ஞாயிறு ஒருவர் சொல்ல முடியாமல் அழுதேவிட்டார். அடுத்த வாரம் நான் அறிவித்தேன், "இனிமே மழை கேக்கல. பேர் மட்டும் சொன்னாப் போதும்." நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு பதினேழாவதாகச் சாரெல் மாமாவைக் கூப்பிட்டேன். "இருக்கேன் நீல்ஸ். எனக்கு ஒரு சின்ன விஷயம் சொல்லணும்" என்றார்.

"காத்திருக்கவும். பட்டியல் முடிஞ்சதும் வரேன்" என்றேன்.

"சரி. காத்திருக்கேன்."

பட்டியல் முடிந்தது. அதற்குள் இரண்டு பேர் ஏரியல் உயரத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டார்கள். நானும் நடுவில் புகுந்து ஒருவனுக்குப் பாடம் எடுத்தேன், வாய்க்கொழுப்பு எனக்கு. ஒன்பது மணிக்கு வலையை மூடினேன். குளித்து, சட்டை மாட்டி, சர்ச் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது பாட்டு பாடும்போது வாய் அப்படியே நின்றது. சாரெல் மாமா. எழுந்து வீட்டுக்கு ஓடினேன். பத்தேகாலுக்கு மைக்கை எடுத்தேன். "ஆஸ்கர் விஸ்கி யாங்கி, ஆஸ்கர் விஸ்கி யாங்கி, நீல்ஸ் கூப்பிடறேன், இருக்கீங்களா?" இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். வெறும் இரைச்சல்.

அன்றைக்கு அவர் ரேடியோ முன்னால் நாற்காலியிலேயே இறந்துபோயிருந்தார். அவர் பண்ணையில் செல்போன் எடுக்காது. தொலைபேசிக் கம்பியை அந்த மாதம்தான் எவனோ அறுத்துக்கொண்டு போயிருந்தான். அவருக்கு வெளியுலகம் என்று இருந்தது நாங்கள் மட்டும்தான். அவர் சொல்ல வந்த சின்ன விஷயம் என்ன? நெஞ்சுவலியா? வலியைக்கூடச் சின்ன விஷயம் என்று சொல்லுகிற ஆள் அவர். நான் போனபின் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடக்கத்துக்குப் போனேன், அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

இறந்தவரை எங்கள் ஆட்கள், தந்தி விசை தட்டிய காலத்துப் பழக்கத்தில், விசை ஓய்ந்தவர் என்பார்கள். பட்டியலில் பெயரை அடிக்க வேண்டும், அதுதான் முறை. நான் அடிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பதினாறாவது பெயருக்குப் பின் மூன்று விநாடி நிற்பேன். பிறகு பதினெட்டுக்குப் போவேன். ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று விநாடியில் இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். இரைச்சல் என்றால் என்னவென்று நாற்பது வருடமாகத் தெரிந்தவன் நான். ஆனாலும் காதைப் பெட்டியருகே கொண்டுபோவேன்.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. அந்த ஞாயிறும் பதினாறைக் கூப்பிட்டு முடித்து நின்றேன். ஒன்று. இரண்டு.

"ஆஸ்கர் விஸ்கி யாங்கி."

பெண் குரல். இரைச்சலே இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அத்தனை தெளிவு. சாரெல் மாமா உயிரோடிருந்தபோதுகூட ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. மைக் என் கையிலிருந்து மேஜையில் விழுந்தது.

"ஆஸ்கர் விஸ்கி யாங்கி" என்றது மறுபடி. குரலில் நடுக்கம். "முதல் தடவையா வரேன். கேக்குதா ஐயா? ஓவர்."

புதியவர்கள் கடைசியில்தான் வர வேண்டும், நான் "புது நிலையம் உண்டா" என்று கேட்ட பிறகு. இவரோ நேராக அந்த மூன்று விநாடிக்குள் வந்து நிற்கிறார். வலையை அறியாதவருக்கு அந்த இடம் தெரியவே வழியில்லை. பழகிய வாய் தானாகப் பேசிற்று.

"அந்த நிலையம் காத்திருக்கவும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, என்ன சொன்னேன் என்று. மீதிப் பெயர்களை ஜெபம்போல ஒப்பித்தேன். எட்டு நாற்பதுக்கே வலையை மூடி, பெட்டியை அணைத்து, வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். பேய் பிசாசு என்று நம்புகிறவன் அல்ல நான், ஆனால் அன்று காலை யாராவது கேட்டிருந்தால் இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்க மாட்டேன். அன்று சர்ச்சுக்கும் போகவில்லை.

பத்து மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. எல்சபே அத்தை. எழுபத்தெட்டு வயது, எங்கள் பட்டியலில் நான்காவது.

"ஏன்டா, உனக்குப் பைத்தியமா? முதல் தடவையா ஒருத்தி வரா. வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?"

"அத்தை, அது சாரெல் மாமாவோட குறி."

"எனக்குத் தெரியாதா? ஆள் போயி ரொம்ப நாளாச்சுன்னா அந்தக் குறிய கேக்கறவங்களுக்கு மறுபடி எழுதிக் கொடுப்பாங்க. புதுசா என்ன இருக்கு இதுல?"

"அந்த இடத்துல வந்து கூப்பிட்டா அத்தை. சரியா அந்த இடத்துல."

"அதுக்கு? காத்திருன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிடுவியா? உனக்கு அது வழக்கமாவே போச்சு."

சொல்லிவிட்டு அத்தை சட்டென்று நிறுத்தினார். மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

"அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார், குரல் இறங்கி.

"சொல்லுங்க அத்தை. யாராவது சொல்லித்தானே ஆகணும்."

ரேடியோ இருக்கும் ஷெட்டுக்குப் போனேன். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பத்தேகால். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, யாரும் இருக்கப் போவதில்லை. பெட்டியைப் போட்டேன். இரைச்சல் வந்தது. அந்த மூன்று வார்த்தையை மூன்று வருடமாக நான் வாயால் சொன்னதில்லை.

"ஆஸ்கர் விஸ்கி யாங்கி. ஆஸ்கர் விஸ்கி யாங்கி. நீல்ஸ் கூப்பிடறேன். இருக்கீங்களா?"

விரலை எடுத்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"இருக்கேன் ஐயா. ஓவர்."

"நீங்க... இவ்வளவு நேரமா?"

"காத்திருக்கச் சொன்னீங்களே. அது விதி இல்லையா? எட்டு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கேன், உங்க விதி எல்லாம் எனக்கு மனப்பாடம், பதினாறுக்கு அப்புறம் நீங்க நிக்கறதும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் நோகுசோலா. ஆம்புலன்ஸ். உங்க காற்றாடி ஏணியிலேர்ந்து நீங்க விழுந்தப்போ தூக்கிட்டுப் போனது நான்தான். ஓவர்" என்றார்.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா. அதான் இடி மாதிரி கேக்குது உங்களுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் இந்தக் குறியைக் கேட்டு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் பொத்தானை அழுத்துவதும் விடுவதும் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு நான்தான் ஐயா போனேன் அந்தப் பண்ணைக்கு. ஞாயித்துக்கெழமைப் பால் கொண்டுபோன பொம்பள, அவர் மயங்கிக் கிடக்கறத பாத்துட்டு, மேட்டுக்கு வண்டிய ஓட்டிட்டுப் போய் போன் அடிச்சா. நான் உள்ள நுழையறேன், ரேடியோ பேசுது. நீங்க பேசறீங்க. இருக்கீங்களா, இருக்கீங்களான்னு. நாற்காலியில அவர். நான் நாடி பாக்கறேன், நீங்க கூப்பிடறீங்க. உங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்னு அந்தப் பொட்டிகிட்ட போனேன். எத்தனை பொத்தான்! எதை அமுக்கறதுன்னு தெரியல. மைக்க எடுத்துக் கத்தினேன். உங்களுக்குக் கேக்கல. நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் நிறுத்திட்டீங்க."

நான் நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டேன்.

"எத்தனையோ சாவு பாத்திருக்கேன். தூங்கிடுவேன். இது மட்டும் தூங்க விடல. ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார், நான் பக்கத்துல நிக்கறேன், வாய் இருக்கு, பதில் சொல்லத் தெரியல. அதான் படிச்சேன். அந்தப் பேருக்குத்தானே நீங்க கூப்பிட்டீங்க, அந்தப் பேர்லதான் பதில் சொல்லணும்னு கேட்டு வாங்கினேன். தப்பா இருந்தா சொல்லுங்க, திருப்பிக் கொடுத்துடறேன். ஓவர்."

"தப்பில்லம்மா" என்றேன். அதற்கு மேல் மூன்று வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "அவர் போயி எவ்வளவு நேரம் ஆகியிருந்துச்சு?"

"உடம்பு சூடு இருந்துச்சு ஐயா." நிறுத்தினார். "பொய் சொல்ல எனக்கு நல்லாத் தெரியும், இந்த வேலையில தினம் சொல்றேன். உங்ககிட்ட சொல்ல வரல."

வலை மூடியபிறகும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். நான் குளித்தபோது, சட்டைக்குப் பொத்தான் போட்டபோது, பாட்டுப் பாடியபோது. காத்திருந்திருக்கிறார். எதற்குப் பயந்து மூன்று வருடம் ஓடினேனோ அது வந்து எதிரே உட்கார்ந்துவிட்டது.

"எனக்கும் அதுல பங்கு இருக்கு" என்றார் நோகுசோலா. "பத்து நிமிஷம் முன்னாடி போயிருக்கணும் நான். பண்ணை கேட் பக்கத்துல சேத்துல வண்டி மாட்டிக்கிச்சு. கல்லு பொறுக்கிப் போட்டு எடுத்தேன். அந்தப் பத்து நிமிஷத்த நான் இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சேறா? அந்தப் பஞ்சத்துலயா?"

"ஆமா. ரோடு பூரா காய்ஞ்சு கிடந்துச்சு, அவர் வேலிக்குள்ள மட்டும் சேறு. முந்தின ராத்திரி அங்க மட்டும் பேய்ஞ்சிருக்கு. சுவத்துல காலண்டர் பாத்தேன். அன்னிக்குத் தேதிக் கட்டத்துல பெரிசா ஒரு நம்பர் எழுதி ரெண்டு தடவ வட்டம் போட்டிருந்தார்."

சின்ன விஷயம். மழை கேட்க வேண்டாம் என்று தடை போட்டது நான். தடையை மீறத் தெரியாத மனிதர் அனுமதி கேட்டார். ஏழு மாதம் கழித்துப் பெய்த மழையைச் சொல்ல அனுமதி கேட்டார், நான் காத்திருக்கச் சொன்னேன். நெஞ்சு வலித்ததா, எப்போது வலித்தது, அதெல்லாம் இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சொல்ல வந்தது இதுதான். நான் மேஜை மேல் தலையை வைத்து அழுதேன், வெட்கமில்லாமல், அறுபத்து மூன்று வயதில். நோகுசோலா ஒன்றும் பேசவில்லை. அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக் கூட்டத்துக்கும் ஒரு தாள், தேதி போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முந்தைய அந்தத் தாளை எடுத்தேன். மழை என்ற பத்தி கோடு கிழித்தபடி இருந்தது, முப்பத்தொரு வரியும் வெறுமை. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். வலை நடத்தும்போது பேசுகிற குரலில், முறைப்படி கூப்பிட்டேன்.

"ஆஸ்கர் விஸ்கி யாங்கி. உங்க முறை. மழை எவ்வளவு? ஓவர்."

இரைச்சல் ஒரு கணம் வந்து போயிற்று.

"பதினோரு மில்லிமீட்டர்" என்றார் நோகுசோலா. "ஓவர்."

பதினேழாவது வரியில் பதினொன்று என்று எழுதினேன்.